“துணிச்சலுக்கான மரபணு கண்டுபிடிப்பு” என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

“கோபத்துல அப்படியே தாத்தா” என்று வீட்டில் சொல்வது ஓரளவு சரி. “துணிச்சலுக்கான மரபணு இதுதான்” என்று வரும் செய்தி அநேகமாகத் தப்பு. அப்படிப்பட்ட செய்தியோ, எச்சிலை அனுப்பினால் உங்கள் சுபாவத்தைச் சொல்கிறோம் என்கிற டிஎன்ஏ ரிப்போர்ட்டோ கைக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் எத்தனை மரபணு என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் அங்கேயே சந்தேகப்படலாம். 1996-ல் டிஆர்டி4 என்ற மரபணுவுக்கும் (மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைப் பிடிக்கும் ஏற்பியை உண்டாக்குவது) புதுமை தேடி அலையும் குணத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. அதே வருடம், செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளைக் கையாளும் கடத்தி மரபணுவின் ஒரு வடிவத்தைப் பதற்ற சுபாவத்தோடு இணைத்து, சுமார் 500 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் வந்தது. பெரிதாகப் பேசினார்கள். அப்புறம் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. குணம் இல்லை, நோய்தான், ஆனாலும் மனச்சோர்வு விஷயத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்: பல வருடமாகப் பேர் அடிபட்ட 18 மரபணுக்களை 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தரவில் வைத்துச் சோதித்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு வேறு எந்த மரபணுவை எடுத்திருந்தாலும் இதே அளவுதான் தேறியிருக்கும் என்று ஆகிவிட்டது.

ஆகவே அடுத்து ஆள் கணக்கு. பதற்ற சுபாவம் பற்றிய 2018 ஆய்வில் சுமார் 4.49 லட்சம் பேர். மரபணுத் தொகுதியில் அந்தச் சுபாவத்தோடு தொடர்புள்ளவையாக 136 இடங்கள் தேறின. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. நூற்றுக்கணக்கான பேரை வைத்து இவ்வளவு சின்ன விளைவைப் பிடிக்கவே முடியாது.

சரி, “குணத்தில் 40 சதவீதம் மரபு” என்கிறார்களே? அது இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வருவது, பெரும்பாலான குணங்களுக்கு 40, 50 பக்கம்தான் நிற்கும். கணக்கை நீங்களே போடலாம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று, இரு கரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. உதாரணத்துக்கு, ஒரு குணத்தில் முதல் வகை ஜோடிகளின் ஒற்றுமை 0.45 (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் அச்சு அசல்), இரண்டாம் வகைக்கு 0.25 என்றால், வித்தியாசம் 0.20. இது பாதி மரபணு வித்தியாசத்தால் வந்தது, அதனால் இரண்டால் பெருக்கினால் 40 சதவீதம். இதில், இரண்டு வகை ஜோடிகளையும் வீடும் ஊரும் ஒரே மாதிரிதான் நடத்துகின்றன என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. அதில் இன்றும் சண்டை உண்டு.

ரொம்பப் பேர் சறுக்கும் இடம் இதற்கப்புறம்தான். 40 சதவீதம் என்றால் உங்கள் கோபத்தில் 40 பங்கு அப்பா அம்மா கொடுத்தது, மீதி நீங்கள் சம்பாதித்தது என்று அர்த்தமே இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான். கையில் ஐந்து விரல் முளைப்பது மரபணு வேலை. ஆனால் ஊரில் ஒருவருக்கு நான்குதான் என்றால் பெரும்பாலும் மெஷினில் மாட்டிக்கொண்டதாக இருக்கும். அதனால் விரல் எண்ணிக்கை வேறுபாட்டுக்கு இந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டால் குறைவாகத்தான் வரும். வேறு ஊர், வேறு தலைமுறை என்றால் எண்ணும் மாறும். மீதி 60-ஐ வளர்ப்பு என்று எழுதுவதும் தப்பு. பெரியவர்களிடம் செய்த இரட்டையர் ஆய்வுகளில், ஒரே வீட்டில் வளர்ந்ததால் வரும் ஒற்றுமை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும் அனுபவம், தற்செயல், அளவிடும்போது வரும் பிழை எல்லாம் அந்த 60-க்குள் கிடக்கிறது.

டிஎன்ஏ ரிப்போர்ட் வாங்குவதற்கு முன்னால் இன்னொன்று. பதற்ற சுபாவத்தின் வேறுபாட்டில், டிஎன்ஏவில் பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளை நேரடியாக வைத்து விளக்க முடிந்தது சுமார் 10 சதவீதம்தான், தனி ஆளுக்குக் கணிக்கும்போது அதைவிடக் குறைவு. அந்தத் தரவிலும் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது, அதனால் அதை வைத்து ஒருவரின் டிஎன்ஏவுக்குப் போடும் மதிப்பெண் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் மோசமாகப் பொருந்தும்.

உங்கள் சுபாவம் தெரிய வேண்டுமென்றால் ஐபிஐபி என்ற இலவசக் கேள்வித்தாள் இணையத்தில் கிடைக்கிறது. நிரப்புங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் அதையே கொடுத்து, உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். எச்சில் தேவையில்லை.