பழியைப் பிரிண்டர் மேல் போடும் முன்

மதுரை கே.கே. நகரில் நீதிமன்றத்தைச் சுற்றியிருக்கும் வக்கீல் ஆபீஸ்களில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். ஏழெட்டு கம்ப்யூட்டர், மூலையில் ஒரு லேசர் பிரிண்டர், அதை எல்லோருக்கும் ஷேர் போட்டு வைத்திருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். பிரிண்ட் சர்வர் என்று பெரிய பேர் அதற்குத்தான். காலை ஒன்பதரைக்கு எனக்குப் போன் வரும்: "அண்ணே, பிரிண்டர் ரொம்ப ஸ்லோ. புதுசு வாங்கிரலாமான்னு சார் கேக்குறாரு."

போய்ப் பார்த்தால் பிரிண்டர் பாவம், நன்றாகத்தான் இருக்கும்.

எங்கே இழுக்கிறது என்று பார்க்காமல் மொத்தமாக 'ஸ்லோ' என்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முதல் தாள் வரத் தாமதமா, அல்லது முதல் தாள் வந்தபிறகு தாளுக்குத் தாள் இடைவெளி விழுகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். பிரிண்டரின் பட்டனிலிருந்தே அதன் சொந்த ரிப்போர்ட் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அது சட்டென்று வந்தால் இயந்திரத்தில் குறையில்லை. அப்புறம் சர்வரில் உட்கார்ந்து நோட்பேடில் ஒரு வரி அடித்துப் பிரிண்ட் கொடுங்கள். அதே வரியை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தும் கொடுங்கள். எந்தப் படியில் தாமதம் தொடங்குகிறதோ, அங்கேதான் தேட வேண்டும். மூன்றும் வேகமாக வந்துவிட்டால், கோளாறு நீங்கள் அனுப்பும் கோப்பில்.

தாள் வரவில்லையே என்று மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்பது இன்னொரு பழக்கம். அறுபது பக்க மனுவை மூன்று முறை கொடுத்தால் க்யூவில் நூற்றெண்பது பக்கம் நிற்கும். வரிசையின் தலையில் எது நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. யாரோ லீகல் சைஸில் ஒன்று கொடுத்திருப்பார், ட்ரேயில் ஏ4 இருக்கும். லீகல் தாளுக்காகப் பிரிண்டர் காத்திருக்க, பிரிண்டருக்காக மொத்த ஆபீஸும் காத்திருக்கும். சில டிரைவர்கள் (பிரிண்டரை இயக்க கம்ப்யூட்டரில் போடும் மென்பொருள்) அமெரிக்க லெட்டர் சைஸையே இயல்பாக வைத்துக்கொண்டு வரும். அதையும் சர்வரிலேயே ஒரு தடவை ஏ4 ஆக்கிவிடுங்கள்.

தமிழில் வேலை செய்கிற இடங்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கிப் பிரிண்ட் எடுத்தால் கட்டம் கட்டமாக வரும். யாராவது ஒரு தம்பி வந்து, 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்ற இடத்தில் டிக் போடச் சொல்லிக் கொடுப்பார். எழுத்து சரியாகிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். அதன்பிறகு பிடிஎஃப் என்றாலே அந்த டிக்கைத் தட்டிவிட்டு பிரிண்ட் கொடுப்பது கைப்பழக்கமாகிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கமும் எழுத்தாக அல்ல, படமாகப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஒரு ஏ4 பக்கம் என்றால் அகலத்தில் 4,960 புள்ளி, நீளத்தில் 7,016 புள்ளி. பெருக்கினால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி. கறுப்பு வெள்ளையாகப் போனால் நாலு எம்பி சொச்சம். கலராகப் போனால், சுருக்காத நிலையில், நூறு எம்பியைத் தாண்டும். பல பிரிண்டர்களில் இருப்பது நொடிக்கு 100 மெகாபிட் போகும் நெட்வொர்க் போர்ட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், அதில் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் போகாது. ஒரு பக்கத்துக்கு எட்டு நொடி, நாற்பது பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல். சுருக்கி அனுப்பினாலும் பிரிக்கிற வேலை பிரிண்டரின் தலையில் விழும். போன் கேமராவில் கலராக எடுத்து மனுவோடு இணைக்கிற ஆவணங்களும் இதே ரகம்தான். யூனிகோடில் அடியுங்கள், அல்லது பிடிஎஃப் செய்யும்போதே எழுத்துருவை உள்ளே பதித்துவிடுங்கள். இணைப்புகளுக்குக் கறுப்பு வெள்ளை, 300 டிபிஐ தாராளம்.

எந்தக் கோப்பு பெரியது என்று ஊகிக்கவும் தேவையில்லை. விண்டோஸ் தன்னில் நடப்பதைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில், பிரிண்ட் சர்வீஸின் ஆபரேஷனல் லாக்கை (பிரிண்ட் வேலைகளின் பதிவேடு) இயக்கி வையுங்கள். இயல்பில் அது அணைந்திருக்கும். அதில் 307 என்ற எண்ணில் வரும் பதிவு, யார் கொடுத்தது, எத்தனை பக்கம், எத்தனை பைட் என்று சொல்லிவிடும்.

மாதாந்திர மின்தடை முடிந்த மறுநாள் வரும் போன்கள் தனிக் கதை. கரண்ட் வந்ததும் பிரிண்டர் ரவுட்டரிடமிருந்து புது ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும், சர்வர் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்து, பிரிண்டரைச் சேர்க்கும்போது விண்டோஸ் தானாக உருவாக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை விட்டுவிட்டு, அந்த முகவரியை நாமே கொடுக்கும் ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்டில் சேருங்கள். சர்வரையும் பிரிண்டரையும் வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள்.

தாளுக்குத் தாள் இடைவெளி என்றால் நான் முதலில் பார்ப்பது பிரிண்டர் செட்டிங்கில் இருக்கும் தாள் வகை. முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுக்க யாரோ 'திக்' (தடித்த தாள்) என்று வைத்திருப்பார், மாற்ற மறந்திருப்பார். தடித்த தாளில் டோனர் உருகி ஒட்ட வேண்டும் என்பதற்காகப் பிரிண்டர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது சொன்ன வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரை நிறுத்திக் கோப்புகளை அழித்து மறுபடி ஓடவிடும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். எப்போதாவது என்றால் சரி. தினமும் என்றால் நோய் அப்படியே இருக்கிறது, மற்றவர்களின் வேலைதான் அழிகிறது. அதைவிட, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஆபீஸில் ஆறு மாத மனுக்கள் சி டிரைவில் தூங்கிக்கொண்டிருந்தன. டிரைவில் இடமே இல்லை.

டிரைவர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 2021இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், சர்வரிலிருந்து டிரைவர் இறக்க நிர்வாகி அனுமதி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் மாற்றிவிட்டது. தொல்லை என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) அதை அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். கட்சிக்காரர்களின் ஆவணங்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் இது வேண்டாத வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகி பாஸ்வேர்டோடு உட்கார்ந்து எல்லாவற்றிலும் ஒரே டிரைவரைப் போட்டுவிட்டால், எட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.