அட்வான்ஸ் வருமானம் ஆகாது: சொந்தத் தொழில் செய்யும் இளம் குடும்பங்கள் மாத இலக்கில் செய்யும் தவறுகள்

நானும் என் கணவரும் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் தொழிலில் இருக்கிறோம். கேமரா அவர் கையில். கணக்கு, எடிட்டிங், ஆல்பம் வடிவமைப்பு என் பொறுப்பு. தொழிலுக்குப் புதிதாக வருகிற சின்ன வயதுத் தம்பதிகள் யோசனை கேட்டு எங்களிடம் வருவார்கள். மேக்கப் செய்பவர்கள், மேடை அலங்காரம் செய்பவர்கள், ஆரி வேலை செய்து பிளவுஸ் தைப்பவர்களும் வருவதுண்டு. கையில் ஒரு நோட்டு இருக்கும். முதல் பக்கத்தில் அந்த மாதத்து இலக்குகள்: இவ்வளவு வருமானம், இவ்வளவு சேமிப்பு, பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ், தினமும் நடைப்பயிற்சி. நல்ல பழக்கம்தான். ஆனால் தொழில் தொடங்கிய புதிதில் நாங்கள் எழுதிய அதே வரிகளை அவர்களும் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

வெட்டிச் செலவைக் குறை, வரவு செலவு எழுது, கிரெடிட் கார்டில் கவனமாக இரு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வதால் நமக்கு வருகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகை

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியில் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. தை, வைகாசி, ஆவணியிலோ ஒரே நாளில் இரண்டு மண்டபத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். நம் வரவு தமிழ் மாதக் கணக்கில் வருகிறது, வாடகை, இ.எம்.ஐ. எல்லாம் ஆங்கில மாதக் கணக்கில் போகின்றன. ஜூலை நடுவில் ஆடி பிறந்து ஆகஸ்ட் நடுவரை ஓடுவதால் அந்த இரண்டு மாதமுமே நமக்கு அரை மாதம்தான். இது தெரிந்தும் ‘சேமிப்பு 25,000’ என்று பன்னிரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதிவைக்கிறார்கள். ஆடியில் அது நடக்காது. நடக்காதபோது வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள், அப்புறம் நோட்டையே மூடிவைத்துவிடுகிறார்கள்.

சேமிப்புக்கு வருட இலக்கு ஒன்று வையுங்கள். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் எந்த மாதத்தில் எத்தனை முகூர்த்தம் என்று எண்ணி, அதற்கேற்றபடி பிரித்து எழுதுங்கள். வேலை இல்லாத மாதத்தில் ‘யாரிடமும் கைமாற்று வாங்காமல் இந்த மாதத்தைக் கடப்பது’ என்று எழுதினால் அதுவே உருப்படியான இலக்கு.

அட்வான்ஸை வருமானமாக எண்ணுவது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. நல்ல கைத்திறன் உள்ள பிள்ளைகள் தொழிலை விட்டுப் போவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி. அவரும் அவர் மனைவியும் சேர்ந்து ஸ்டுடியோ தொடங்கினார்கள். கைக்குழந்தை வேறு. ஆடி மாதத்தில், ஆவணிக் கல்யாணங்களுக்கு மூன்று புக்கிங் பிடித்தார்கள். ஒவ்வொன்றும் 90,000 ரூபாய் பேச்சு, 30,000 அட்வான்ஸ். மொத்தம் 90,000 கணக்கில் வந்து விழுந்தது. அந்த மாதம் அவர்கள் நோட்டில் எழுதியிருந்த இலக்கு 80,000. “இலக்கைத் தாண்டிட்டோம் அக்கா” என்று சந்தோஷமாக போன் செய்தார். ஆடித் தள்ளுபடியில் ஒரு ஃபிரிட்ஜ், புது லென்ஸுக்கு முன்பணம், குழந்தைக்கு வளையல் என்று மூன்று வாரத்தில் பணம் கரைந்துவிட்டது. இதில் ஒன்றையும் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். பணம் அவர்களுடையதாக இருந்திருந்தால் எல்லாமே நியாயமான செலவு.

அந்தப் பணம் யாருடையது என்று பார்ப்போம். 90,000 ரூபாய் கல்யாணம் ஒன்றுக்கு, கல்யாணத்தன்றே ஆகும் செலவு 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது போட்டோகிராபர், வீடியோ எடுப்பவர், லைட் பிடிப்பவர், வண்டி, டிரோன் வாடகை. அப்புறம் ஆல்பம் பிரிண்ட், வீடியோ எடிட்டிங் என்று 18,000. ஆக, வேலையை முடிக்க 40,000 வேண்டும். வந்த அட்வான்ஸோ 30,000. அதாவது அட்வான்ஸ் முழுவதும் லைட் பிடிக்கும் பையனுக்கும் வண்டிக்காரருக்கும் ஆல்பம் அச்சடிப்பவருக்கும் போக வேண்டிய பணம். அதில் ஒரு ரூபாய்கூட அந்த வீட்டுக்கு உரியதில்லை. அவர்களுக்கு மிஞ்சும் 50,000 ரூபாய், கல்யாணம் முடிந்து ஆல்பம் கொடுத்த பிறகு வரப்போகிற 60,000-க்குள்தான் இருக்கிறது.

ஆவணி வந்தது. மூன்று முகூர்த்தமும் ஒரே வாரத்தில். ஆட்களுக்கும் வண்டிக்கும் மட்டும் 66,000 தயாராக இருந்திருக்க வேண்டும். கணக்கில் எதுவும் இல்லை. முதல் கல்யாணத்தில் மிச்சத் தொகை கேட்டபோது பெண்ணின் அப்பா, “மண்டபக் கணக்கை முடிச்சுட்டுத் தர்றேன் தம்பி” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, கல்யாண வீட்டில் அன்றைக்கு இருக்கும் நெருக்கடி அப்படி. இரண்டாவது கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துபோக, தேதி தைக்குத் தள்ளிப்போனது. கொடுத்த அட்வான்ஸை இப்போதைக்குத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்கள். கடைசியில் அந்தத் தம்பியின் மனைவியின் செயின் நகைக்கடனுக்குப் போனது. கூட வேலை பார்த்த பையனுக்குக் கூலி ஒரு மாதம் தள்ளிப்போக, அடுத்த முகூர்த்தத்துக்கு அவன் போனை எடுக்கவில்லை. வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டான். நல்ல ஆள் ஒருவன் போனால் அந்த நஷ்டம் நோட்டில் ஏறாது, ஆனால் அதை ஈடுகட்ட வருடக்கணக்கில் ஆகும்.

எனக்கு அந்தத் தம்பி மேல் கோபமே இல்லை. ‘மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பது எப்படி’ என்று வகுப்பெடுத்து, புக்கிங் தொகை, அட்வான்ஸ், மிச்சம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ‘இதுதான் வருமானம்’ என்று சொல்லித்தருகிறவர்கள் மேல்தான் கோபம். தொழில் செய்து குடும்பம் நடத்தியவர்கள் யாரும் அப்படிக் கூட்ட மாட்டார்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் இந்தத் தவறு இன்னும் வலிக்கும். சேவைத் தொழிலில் வருட விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வேலை பிறகு நடந்தாலும், அட்வான்ஸ் வந்த மாதத்திலேயே வரி கணக்காகிறது. வரி உட்பட பேசிய தொகை என்றால் 30,000 அட்வான்ஸில் 18 சதவீதக் கணக்குப்படி 4,576 ரூபாய் அரசுக்குப் போக வேண்டியது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. ஃபிரிட்ஜாக மாறிவிட்ட பணத்திலிருந்து அதை எடுக்க முடியாது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். அட்வான்ஸ் வருவதற்கென்றே தனி வங்கிக் கணக்கு; அதற்கு ஏ.டி.எம். கார்டு வாங்கவில்லை, போனில் எந்தச் செயலியிலும் இணைக்கவும் இல்லை. நோட்டில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு வரி, ஐந்து கட்டம்: முகூர்த்தத் தேதி, பேசிய தொகை, இதுவரை வந்தது, இந்த வேலைக்கு இன்னும் ஆகவேண்டிய செலவு, நமக்கு மிஞ்சுவது. நான்காவது கட்டத்தைத்தான் எல்லாரும் காலியாக விடுகிறார்கள். அதை பென்சிலில் எழுதி, கூலி கொடுக்கக் கொடுக்க அழித்துத் திருத்துவோம். ஆல்பம் கைமாறி, நான்காவது கட்டம் பூஜ்யமான பிறகே ஐந்தாவது கட்டத்துப் பணம் அந்தக் கணக்கைவிட்டு வெளியே வரும்.

வெளியே வந்த பணமும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. போன வருடம் ஐந்தாவது கட்டத்தில் சேர்ந்த மொத்தத்தில் ஸ்டுடியோ வாடகை, கரன்ட் பில், வரி எல்லாம் கழித்து, பன்னிரண்டால் வகுத்து, அதில் முக்கால் பங்கை மட்டும் வீட்டுக்கு மாதச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 6 லட்சம் மிஞ்சியிருந்தால் மாதம் 50,000, வீட்டுக்கு 37,500. மிச்சம் 12,500 மாதாமாதம் தொழில் கணக்கிலேயே தங்கினால் வருடத்தில் ஒன்றரை லட்சம். ஆடியையும் மார்கழியையும் அது தாங்கும். இந்த 37,500-தான் உங்கள் மாத இலக்குகளுக்கு அடிப்படை. வைகாசியில் மூன்று லட்சம் கணக்கில் கிடந்தாலும் வீட்டுக்கு அதே 37,500-தான். முதல் வருடம் மனசு கேட்காது, போகப் போகப் பழகிவிடும்.

முகூர்த்தத்துக்கு முன்னால் வாங்க வேண்டியதை முன்னாலேயே வாங்குங்கள். மிச்சத் தொகையில் பெரும்பங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே தரும்படி புக்கிங்கிலேயே எழுதிக்கொள்வதில் தவறில்லை. மண்டபத்துக்காரரும் சமையல்காரரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். தள்ளிப்போனால் என்ன, நின்றுபோனால் என்ன என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். துக்கம் நடந்த வீட்டில் போய்ப் பேரம் பேசும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

மாதம் தவறாமல் கட்டவேண்டிய சேமிப்பை மட்டும் பிடித்துக்கொள்வது

ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, தபால் நிலைய ஆர்.டி. மூன்றுக்கும் மாதம் தவறக்கூடாது. ஏற்ற இறக்கமான வரவுக்கு, வந்தபோது கட்டும் வசதி உள்ளவை பொருந்தும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் வருடத்துக்குக் குறைந்தது 500 போட்டால் போதும், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பத்து வயதுக்குள் மகள் இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் வருடக் குறைந்தபட்சம் 250 ரூபாய்தான். இரண்டிலும் மாதத்தின் 5-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருந்த குறைந்த இருப்புக்கே வட்டி என்பதால், சீசன் பணம் வந்தால் 5-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். சீட்டு போட்டே ஆகவேண்டும் என்றால் பதிவு செய்த சீட்டு மட்டும்.

மனைவியின் வேலைக்குச் சம்பளம் எழுதாதது

இதை நான் அழுத்தியே சொல்வேன். ராத்திரி ஒரு மணி வரை ஆல்பம் பக்கம் வடிவமைப்பது, வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்வது, பில் போடுவது எல்லாம் வேலை. வெளியில் கொடுத்தால் ஆல்பம் ஒன்றுக்கு என்ன கேட்பார்களோ அந்தத் தொகையை நான்காவது கட்டத்தில் எழுதி, அவர் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். எழுதாவிட்டால் லாபம் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். அவருக்கு உடம்பு முடியாமல் போகும் மாதத்தில்தான் உண்மை விலை புரியும். பிரசவ காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்த வீடுகள் நிறைய.

லென்ஸை முதலீடு என்று எழுதுவது

வாடகைக்கு எடுத்தே மாதம் நாலு முறைக்கு மேல் தேவைப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாடகையே போதும்.

பணம் தவிர வேறு இலக்குக்குத் தேதி குறிக்காதது

‘குடும்பத்தோடு நேரம் செலவிடுவது’ என்று எழுதினால் அது நடக்கவே நடக்காது. பல கல்யாணங்கள் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும், குழந்தைக்கு லீவும் அன்றைக்குத்தான். அதனால் பஞ்சாங்கத்தையும் பள்ளிக்கூட நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்து, குழந்தையின் பிறந்தநாள், ஆண்டு விழா, குலதெய்வக் கோயில் கொடை ஆகிய தேதிகளுக்கு வருட ஆரம்பத்திலேயே ‘புக்கிங் இல்லை’ என்று குறித்துவிடுங்கள். அன்றைக்கு யார் கேட்டாலும், “அந்தத் தேதி கொடுத்தாச்சு” என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. நடைப்பயிற்சியை ஆடியில் தொடங்குங்கள். வைகாசியில் தொடங்கியவர்கள் யாரும் ஒரு வாரம் தாண்டியதில்லை.

வீடு வாங்கும் இலக்கு, ஆனால் ரிட்டர்னில் வருமானம் குறைவு

வீட்டுக் கடனுக்கு வங்கி பொதுவாக இரண்டு மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்கும். அதில் உள்ள தொகைதான் உங்கள் வருமானம். வீடு வேண்டுமென்றால் இந்த வருடத்திலிருந்தே முழுக் கணக்கையும் காட்டுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது

நமக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடையாது. கம்பெனி பாலிசியும் கிடையாது. பிரசவச் செலவைத் தரும் பாலிசிகளில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு. கருவுற்ற பிறகு எடுத்தால் அந்தப் பிரசவத்துக்கு உதவாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பிரீமியத்தை மாதத் தவணையாக வைத்துக்கொள்ளாமல், தை முகூர்த்தப் பணம் வந்ததும் வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடுவது நம் தொழிலுக்குச் சரிப்பட்டு வரும்.

ஒருவருக்கு மட்டும் கணக்கு தெரிவது

எந்தக் கணக்கில் எந்தக் கல்யாணத்தின் அட்வான்ஸ் இருக்கிறது, யாருக்குக் கூலி பாக்கி, பாலிசி எங்கே, நாமினி யார் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் திறந்த பழைய வங்கிக் கணக்குகளில் நாமினியாகப் பலருக்கும் இன்னும் அப்பா பெயரே இருக்கிறது. இந்த வாரம் வங்கிக்குப் போகும்போது மாற்றிவிடுங்கள்.