மேடைக் கூச்சம் போக நேரில் ஒரு வட்டம்

வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு அனுப்பிப் பேச்சுப் பழகியவர்கள் மேடையில் தடுமாறக் காரணம் உண்டு. பிடிக்காத பதிவை அழித்துவிட்டு மறுபடி பேசலாம். எதிரே கண்கள் இல்லை. அந்தக் கூச்சம் நேரில்தான் தெளியும்.

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் எல்லோருக்கும் முறை வராது. மொட்டை மாடியோ காலி வகுப்பறையோ, வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் கூடுங்கள். 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களின் வழக்கம் இதற்கு நன்றாகப் பொருந்தும்: ஒருவருக்கு 5 முதல் 7 நிமிடம், 5ஆம் நிமிடத்தில் பச்சை விளக்கு, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. விளக்குக்குப் பதில் வண்ண அட்டை போதும். ஒருவர் 'வந்து', 'அதாவது' போன்ற இழுவைகளை எண்ணட்டும். இன்னொருவர் 2 அல்லது 3 நிமிடம் கருத்துச் சொல்லட்டும். "நல்லா இருந்துச்சு" என்பதால் யாருக்கும் பயனில்லை. எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று சொன்னால்தான் திருத்த முடியும்.

இணையக் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். தலைப்பு அறிவிக்கவும், வெளியூர் அனுபவசாலிகளிடம் சந்தேகம் கேட்கவும் அதைவிட நல்ல வழி இல்லை. விமர்சனத்தை மட்டும் அங்கே எழுத வேண்டாம். தொனி தெரியாத எழுத்து சுருக்கென்று குத்தும். புதிதாகச் சேர்ந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார்.