ஜூமில் தசைத் தளர்வுப் பயிற்சிக் குழு: தொடங்கி நடத்துவது எப்படி?

படுத்தால் தூக்கம் வராதவர்கள், கழுத்தும் தோளும் எந்நேரமும் இறுகிக் கிடப்பவர்கள், பல்லைக் கடித்தபடியே நாளை ஓட்டுபவர்கள் என்று நாலு பேரைச் சேர்த்து, வாரம் ஒரு முறை ஆன்லைனில் உடல்வழிப் பயிற்சி நடத்தலாம் என்று நினைக்கிறீர்களா? முதலில் ஒன்று: மூச்சு, முத்திரை, ஆசனம், மந்திரம் என்று எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் போட்டுக் குழப்ப வேண்டாம். ஒரே ஒரு முறையை எடுத்து அதை ஒழுங்காக நடத்துங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது படிப்படியான தசைத் தளர்வுப் பயிற்சி. ஒரு நாற்காலி போதும், பாய்கூட வேண்டாம். எந்த நொடியிலும் நிறுத்திவிடலாம். செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்பது கேமராவில் ஓரளவு தெரியும்.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இந்த முறையை 1929ல் நூலாக வெளியிட்டார். அவர் வழியில் கற்க மாதக்கணக்கில் ஆகும். 1973ல் பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் என்ற இரு உளவியலாளர்கள் அதை 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கினார்கள். இன்று பலரும் பின்பற்றுவது அந்தச் சுருக்கத்தைத்தான். ஒரு தசையை 5 முதல் 7 நொடி இறுக்குவது, சட்டென்று விடுவது, 30 முதல் 40 நொடி அந்த வித்தியாசத்தைக் கவனிப்பது. அவ்வளவுதான் அடிப்படை.

படி 1: எதைச் சொல்லி ஆள் சேர்ப்பது

போஸ்டரில் "பிபி குறையும், சுகர் குணமாகும்" என்று போடாதீர்கள். அது பொய் வாக்குறுதி என்பது ஒரு பக்கம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. "உடல் இறுக்கத்தைக் கவனித்துத் தளர்த்தப் பழகும் குழு. மருத்துவச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்" என்று மூன்று வரி போதும். ஆள் குறைவாகத்தான் வரும், வரட்டும். 8 முதல் 12 பேர்தான் சரியான அளவு. 15ஐத் தாண்டினால் யார் முகமும் கண்ணில் படாது.

படி 2: சேர்வதற்கு முன் ஒரு படிவம்

கூகுள் ஃபார்மில் ஏழெட்டுக் கேள்வி. அண்மையில் அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு உண்டா? முதுகுத்தட்டுப் பிரச்சினை? கர்ப்பமா? ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு? திடீர்ப் படபடப்பு வருமா? மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருக்கிறீர்களா? கடைசியாக இரண்டு: பயிற்சி நேரத்தில் எந்த ஊரில் இருப்பீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம்?

இந்தக் கடைசி இரண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திரையில் ஒருவர் நிலைகுலைந்து போனால், அவர் கோவையில் இருக்கிறாரா கொழும்பில் இருக்கிறாரா என்றே தெரியாமல் என்ன செய்வீர்கள்?

முதல் ஐந்தில் ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்று வந்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேரச் சொல்லுங்கள். கடுமையான அதிர்ச்சியிலிருந்து இப்போதுதான் வெளியே வருபவர், தற்கொலை எண்ணம் இருப்பவர் ஆகியோருக்குக் குழுப் பயிற்சி முதல் இடம் அல்ல. தனியாக ஒரு மனநல நிபுணரிடம் அனுப்புவதுதான் அக்கறை.

படி 3: ஜூம் அமைப்பு

இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் தானாக முடிந்துவிடும். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களை அப்படிப் பாதியில் துண்டிப்பதைவிட மோசமான முடிவு இல்லை. 35 நிமிடத் திட்டம் போடுங்கள்.

வெயிட்டிங் ரூம் (நீங்கள் அனுமதித்த பிறகே ஒருவர் உள்ளே வரும் வசதி) போட்டு வையுங்கள். உள்ளே வரும்போதே எல்லோரும் மியூட் ஆகும்படி செய்யுங்கள். யாராவது ஒரு வீட்டில் சரியாக அந்த நேரம்தான் குக்கர் விசில் அடிக்கும். ரெக்கார்டிங் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று. பயிற்சி போகப்போக உங்கள் குரல் தானாகத் தணியும். ஜூமின் சத்தக் குறைப்பு வசதி அந்த மெல்லிய குரலைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். கேட்பவருக்கு "மெது... விடு..." என்றுதான் விழும். ஆடியோ அமைப்பில் சத்தக் குறைப்பைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள், வயருள்ள ஹெட்செட் போடுங்கள், வழக்கமான குரலிலேயே பேசுங்கள். பின்னணி இசை போட ஆசை வரும். நெட் கொஞ்சம் திணறினாலே அது கரகரக்கும். இசை இல்லாமலே நடத்தலாம், நஷ்டம் எதுவும் இல்லை.

நடத்துபவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேசுவார், மற்றவர் முகங்களையும் சாட் செய்திகளையும் பார்ப்பார். பார்ப்பவர் லேப்டாப்பில் இருக்க வேண்டும். மொபைல் திரையில் ஒரு நேரத்தில் சில முகங்கள்தான் தெரியும். இருவரும் வேறு வேறு வீட்டில், வேறு வேறு நெட்வொர்க்கில் இருப்பது நல்லது. கரண்ட் போனாலும் கூட்டம் கலையாது. அதற்கு, கூட்டம் தொடங்கியதுமே மற்றவரை இணை நடத்துநராக (கோ-ஹோஸ்ட்) ஆக்கிவைத்திருக்க வேண்டும். இந்த வசதி கட்டணக் கணக்கில்தான் உண்டு.

படி 4: வாட்ஸ்அப் குழு

சாதாரணக் குழுவில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த மறுநாளே ஒரு பெண் உறுப்பினருக்குத் தெரியாத நம்பரிலிருந்து "ஹாய் மேடம்" வந்தால் அவர் குழுவையே விட்டுப் போய்விடுவார், காரணமும் சொல்ல மாட்டார். அதனால் வாட்ஸ்அப்பிலேயே உள்ள கம்யூனிட்டி வசதியை வைத்து, அதன் அறிவிப்புக் குழுவை மட்டும் பயன்படுத்துங்கள். அதில் உறுப்பினர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது, பதிவிடுவதும் அட்மின் மட்டுமே. குட் மார்னிங் பூங்கொத்தும் "தினமும் வெறும் வயிற்றில் இதைக் குடியுங்கள்" வகை ஃபார்வர்டும் தானாக நின்றுவிடும்.

படி 5: முதல் நாள்

முதல் நாளே 16 தொகுதியும் வேண்டாம். ஒரு தொகுதியை இரண்டு முறை செய்ய ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிடிக்கும். 16க்கு 24 நிமிடம். புதியவர்களுக்கு அது நீளம். முதல் நாள் கைகள் மட்டும்: வலக்கையும் முன்கையும், வலது மேற்கை, இடக்கையும் முன்கையும், இடது மேற்கை. மொத்தம் 6 நிமிடம். மீதி நேரம் விளக்கத்துக்கும் பேச்சுக்கும்.

உட்காரும் விதம்: முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரு பாதமும் தரையில் பட வேண்டும். உயரம் குறைந்தவர்கள் காலடியில் ஒரு பலகையோ மடித்த போர்வையோ வைக்கலாம். கண்ணாடி, வாட்ச், இறுக்கமான பெல்ட் கழற்றிவிடலாம். போனில் அழைப்பு வராதபடி செய்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு இப்படிப் பேசலாம்:

"கண்ணை மூடணும்னு தோணினா மூடிக்கலாம். வேண்டாம்னா தரையில ஒரு இடத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாலும் சரிதான். எந்த இடத்துல வேணும்னாலும் நிறுத்திக்கலாம், எங்ககிட்ட கேட்க வேண்டியதில்லை. இப்போ வலது கை. மெதுவா விரலை மடக்கி இறுக்குங்க. முழு பலம் வேண்டாம், முக்கால் பலம் போதும். மூச்சு அதுபாட்டுக்கு ஓடட்டும். விரல்ல, மணிக்கட்டுல, முன்கையில எங்கெல்லாம் இறுக்கம் தெரியுதுன்னு பாருங்க... விட்டுடுங்க."

"விட்டுடுங்க" என்றதும் கை சட்டென்று மடியில் விழ வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கக் கூடாது. அடுத்த அரை நிமிடத்தில் நீங்கள் பேச வேண்டியது ஒரே வரி: "முன்ன எப்படி இருந்துச்சு, இப்போ எப்படி இருக்கு?" பதில் வேண்டாம், அவர்கள் கவனித்தால் போதும்.

"உங்கள் கை இப்போது கனமாகிறது, வெதுவெதுப்பாகிறது" என்று சொல்லாதீர்கள். ஜேக்கப்சனே இதைத் தவிர்த்தார். கனமாக உணராதவர் தனக்கு மட்டும் வரவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இறுகுவார்.

எதிரில் நொடிமுள் உள்ள கடிகாரம் வையுங்கள். புதிதாக நடத்துபவர்களுக்கு 30 நொடி மௌனம் மூன்று நிமிடம் போலத் தெரியும். பயந்துபோய் 12 நொடியிலேயே அடுத்த தொகுதிக்குத் தாவுவார்கள். பெரும்பாலான வகுப்புகள் கெடுவது இங்கேதான்.

படி 6: அடுத்த வாரங்கள், வரும் சிக்கல்கள்

இரண்டாம் வாரம் நெற்றி, கண்ணும் மூக்கும், தாடை, கழுத்து. மூன்றாம் வாரம் மார்பும் தோளும் மேல்முதுகும் ஒன்றாக, பிறகு வயிறு. நாலாம் வாரம் இரு கால்களிலும் தொடை, கெண்டைக்கால், பாதம். ஆக 16.

கழுத்தில் கவனம். பின்னால் தள்ளச் சொல்லாதீர்கள், மோவாயை மார்பை நோக்கி மெதுவாக இழுத்தால் போதும். தாடையில் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டாம். கெண்டைக்காலிலும் பாதத்திலும் குரக்குவலி பிடிக்கும், அதனால் அங்கே 5 நொடிக்கு மேல் போகக் கூடாது, இறுக்கமும் பாதி பலம்தான். பிடித்துவிட்டால் பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கி நீவிவிடச் சொல்லுங்கள். இறுக்கும்போது பலர் தெரியாமலே மூச்சைப் பிடிப்பார்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாது. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் "மூச்சு ஓடட்டும்" என்பதைச் சலிக்காமல் சொல்லுங்கள்.

வலி உள்ள இடத்தை இறுக்கவே வேண்டாம். மனதால் அந்த இடத்தைக் கவனித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முடிந்ததும் உடனே எழுந்தால் தலை சுற்றும். விரல், கால் அசைத்து, ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும்.

படி 7: யாராவது கலங்கிப்போனால்

தளர்வுப் பயிற்சி எல்லோரையும் அமைதியாக்கும் என்று நினைக்காதீர்கள். சிலருக்குத் தளரத் தளரப் படபடப்பு கூடும். இது ஆய்வுகளில் பதிவான விஷயம். எப்போதும் விறைப்பாகவே காவல் காத்துப் பழகிய உடலுக்கு, காவலை விடுவதே பயமாக இருக்கும்.

மூச்சு வேகமாவது, முகம் வெளுப்பது, சும்மா கண்ணீர் வழிவது, வெறித்துப் பார்ப்பது இவற்றைத்தான் இரண்டாமவர் கவனிக்க வேண்டும். தெரிந்தால் அவருக்கு மட்டும் தனிச் செய்தி: "நிறுத்திக்கலாமா?" பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். "என்ன ஞாபகம் வந்துச்சு?" என்று துருவாதீர்கள். "அழுதா நல்லது, எல்லாம் வெளிய வரட்டும்" என்பதும் வேண்டாம். அதைக் கையாளும் பயிற்சி உங்களிடம் இல்லை.

அவர் சரியானாலும் அன்று மாலை ஒரு முறை விசாரியுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல நிலையத்தின் 1926 ஆகிய மனநல உதவி எண்களை அறிவிப்புக் குழுவில் மேலே பின் செய்து வையுங்கள்.

படி 8: பேசும் நேரம்

கடைசி 10 நிமிடம். ஆளுக்கு முக்கால் நிமிடம், பேச விருப்பமில்லையென்றால் "பாஸ்" என்றால் போதும். கேள்வி ஒன்றே: "உடம்புல என்ன தெரிஞ்சுது?" குடும்பக் கதை நீளத் தொடங்கினால், "அதைப் பிறகு தனியாப் பேசலாம், இப்போ தோள் எப்படி இருக்கு?" என்று மெதுவாகத் திருப்புங்கள். ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் வைத்தியம் சொல்லக் கூடாது. "எங்க மாமாவுக்கும் இப்படித்தான்..." என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வைத்தியத்தில்தான் போய் முடியும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்று சொல்பவர் நிச்சயம் இருப்பார். "சரி, ஒண்ணும் தெரியலைன்னு தெரிஞ்சுது இல்லையா, அது போதும்" என்று விட்டுவிடுங்கள். தினம் ஒரு முறை வீட்டில் செய்யச் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். படுக்கையில் செய்தால் தூங்கிவிடுவார்கள், தூக்கத்துக்காக வந்தவர்களுக்கு அது சரி, மற்றவர்கள் நாற்காலியில் செய்யட்டும்.

16 தொகுதி நன்றாகப் பழகியபின் 7 தொகுதிக்குக் குறைக்கலாம்: ஒவ்வொரு கையும் முழுதாக, முகம், கழுத்து, உடற்பகுதி, ஒவ்வொரு காலும் முழுதாக. அதற்கப்புறம் 4: இரு கை, முகமும் கழுத்தும், உடற்பகுதி, இரு கால். அவசரப்பட வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவரிடம் "ஏன் வரலை?" என்று கேட்காமல், "உங்க இடம் அப்படியே இருக்கு, வர முடியாட்டியும் பரவாயில்லை" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டாம்.