8051 ஃபர்ம்வேரை டீகம்பைல் செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்86, ஆர்ம் செயலிகளின் நிரல்களில் கைப்பழக்கம் பெற்றவர்கள், 8051 என்ற மைக்ரோகண்ட்ரோலரின் ஃபர்ம்வேரை (சிப்பில் பதிந்திருக்கும் நிரலை), இயந்திரக் கட்டளைகளைச் சி வரிகளாக மீட்டுத் தரும் டீகம்பைலரான கிட்ராவில் திறந்ததும் செய்யும் முதல் தவறு, ஒரு முகவரி ஒரே இடத்தைத்தான் குறிக்கும் என்று எண்ணிவிடுவது. இண்டெல் 1980-இல் வெளியிட்ட இந்தச் சிப்பில் நிரல் நினைவகம், உள் ரேம், வெளி ரேம் ஆகியவை தனித்தனி வெளிகள். எந்த வெளி என்பதைக் கட்டளைதான் தீர்மானிக்கும். இதன் விரிவான வடிவமான 8052-இல் சிக்கல் இன்னும் நுட்பமானது: ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 90 என்ற முகவரியில் நேரடியாக எழுதினால் அது சிப்பின் வெளிப் பின்களை இயக்கும் போர்ட் 1-க்குப் போகும், அதே எண்ணை ஆர்0 பதிவகத்தில் வைத்து மறைமுகமாக எழுதினால் சாதாரண ரேமுக்குப் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டிவிட்டால், பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) எழுதும் வரி, சிப்பின் பின்னை இயக்கும் வரியாகத் தோன்றும்.

செயற்கூறுகளின் உள்மாறிகள் ஸ்டாக்கில் (அழைப்புகளின்போது தற்காலிகத் தரவு அடுக்கப்படும் நினைவகப் பகுதியில்) இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறே. 8051-க்கான கெயில் சி51 கம்பைலர் அவற்றை நிலையான முகவரிகளில் வைத்து, ஒன்றையொன்று அழைக்காத செயற்கூறுகளுக்கு அதே பைட்டுகளைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆகவே, ஓரிடத்தில் எண்ணியாகப் பயன்படும் பைட்டுக்கு நிரல் முழுவதற்கும் ‘எண்ணி’ என்று பெயரிடக் கூடாது.

அதிக நேரத்தை விழுங்குவது, எந்த மதிப்புக்கு எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்று சொல்லும் ஸ்விட்ச் அட்டவணைதான். கெயில் பல இடங்களில் ஒரு நூலகச் செயற்கூறை எல்கால் என்ற அழைப்புக் கட்டளையால் அழைத்து, அதற்கு அடுத்த பைட்டிலேயே அட்டவணையை வைத்துவிடுகிறது. அந்தச் செயற்கூறு திரும்பும் முகவரியை ஸ்டாக்கிலிருந்து எடுத்து, அதை அட்டவணையின் தொடக்கமாகக் கொண்டு, பொருந்தும் கிளைக்குத் தாவுகிறது, அழைத்த இடத்துக்குத் திரும்புவதே இல்லை. இதை அறியாத டீகம்பைலர் அட்டவணையைக் கட்டளைகளாகப் படித்து, நம்பும்படியான, ஆனால் பொருளற்ற சி வரிகளைத் தரும். அந்த நூலகச் செயற்கூறைத் திரும்பாதது என்று குறித்து, பைட்டுகளைத் தரவாக மாற்றி, கிளைகளைக் கையால் இணைப்பதே வழி.

கோப்பு எந்த முகவரியில் ஏறுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை: ஹெக்ஸ் 0003 முதல் எட்டு பைட் இடைவெளியில் இன்டரப்ட் வெக்டர்கள் (குறுக்கீடு நேரும்போது சிப் தாவும் நிலையான முகவரிகள்) பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

டீகம்பைலருக்குச் சொந்தமாகச் செயலி வரையறை (கட்டளை பைட்டுகளை எப்படிப் படிப்பது என்ற விளக்கம்) எழுதுவோர் ஹெக்ஸ் 85 என்ற கட்டளைக் குறியீட்டைத் தனியே சோதிக்க வேண்டும். ஒரு நேரடி முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் இக்கட்டளையை அசெம்பிளியில் எழுதும்போது இலக்கு முதலில் வரும், பைட்டுகளிலோ மூலம் முதலில் வரும். வரிசையை மாற்றிப் படித்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, நகலெடுக்கும் திசை மட்டும் தலைகீழாகிவிடும்.