சாமந்தி இலையா தள்ளுதா? உரத்தை நிறுத்திட்டு ராத்திரி லைட்டைப் பாருங்க

நம்ம ஊர்ல இலையுதிர் காலம்னு ஒண்ணு தனியா கிடையாது, ஆனா ஐப்பசி மழையில ஆரம்பிச்சு மார்கழி முடியுற வரைக்கும் மாடித்தோட்டம் ஒரு மாதிரி டல்லடிக்கும், மல்லி ஓய்வுக்குப் போயிடும், செம்பருத்தி நனைஞ்சு தொங்கும். அந்த மூணு மாசத்துக்கு நான் நம்புறது ரெண்டே செடி, சாமந்தியும் டிசம்பர் பூவும். டிசம்பர் பூவுக்கு டுடோரியலே தேவையில்ல, குச்சியை ஒடிச்சு நட்டா வந்துடும். சாமந்திதான் என்னை ரெண்டு வருஷம் சுத்தல்ல விட்டுச்சு.

1. செடி எங்க வாங்குறது

டிசம்பர், ஜனவரில நர்சரில பூவோட குட்டையா விப்பாங்க, அதுல ஒண்ணு வாங்குங்க. பூ முடிஞ்சதும் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டிடுங்க. அடியிலிருந்து பக்கக்கன்னு கிளம்பும், அதான் உங்க தாய்ச்செடி. ஏப்ரல் மே வெயில்ல நிழல்ல வெச்சு காப்பாத்தினா போதும், அப்போ வேற எதுவும் எதிர்பார்க்காதீங்க.

2. ஜூன், ஜூலைல கட்டிங்

நுனியிலிருந்து ரெண்டு, ரெண்டரை இஞ்ச் வெட்டி, கீழ் இலையை எடுத்துட்டு, கோகோபீட்லயோ (தேங்காய் நார்த்தூள்) ஆத்து மணல்லயோ நிழல்ல சொருகுங்க. ரெண்டு மூணு வாரத்துல வேர் விடும். ரூட்டிங் பவுடர் எல்லாம் வேணாம், காசுக்குப் பிடிச்ச கேடு. அப்புறம் 8 இஞ்ச் மண் தொட்டிக்கு மாத்துங்க. க்ரோ பேக்னு (செடி வளர்க்குற பிளாஸ்டிக் பை) யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, மழை மாசத்துல மண் தொட்டிதான் சீக்கிரம் காயும். மண் கலவை வழக்கமா போடுறதுதான், மணல் மட்டும் ஒரு பங்கு கூட. மழை ஆரம்பிச்சதும் தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டைத் தூக்கிடுங்க.

3. நுனி கிள்ளுறது

நட்டு நாலு வாரம் ஆனதும் நகத்தாலயே நுனியைக் கிள்ளுங்க, கத்தரி வேணாம். கிளைக்கிற கிளையையும் ஒரு தடவை கிள்ளலாம். செப்டம்பர் பாதிக்கு மேல கை வைக்காதீங்க, கடைசியா கிள்ளினதுலேர்ந்து பூ வர ரெண்டரை மாசம் கிட்ட ஆகும்.

4. நான் விழுந்த பள்ளம்

முதல் வருஷம் இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் டிசம்பர் கடைசி வரைக்கும் ஒரு மொட்டு கூட இல்ல. செடி என்னவோ கீரைக்கட்டு மாதிரி பச்சைப் பசேல்னு. நானும் விடாம வாழைப்பழத்தோல் தண்ணி, மீன் அமிலம், எப்சம் சால்ட்னு மாத்தி மாத்தி ஊத்தினேன், இன்னும் இலைதான் வந்துச்சு. ரெண்டாவது வருஷமும் அதே கதை, ஆனா மாடிப்படி ரூமுக்குப் பின்னாடி இடமில்லாம ஒதுக்கி வெச்ச ஒரே ஒரு தொட்டி மட்டும் கார்த்திகைல மொட்டு கட்டுச்சு. அதே தாய்ச்செடி, அதே மண், உரம் கூட அதுக்கு நான் சரியா போடல. ஒருநாள் ராத்திரி துணி எடுக்க மேல போனப்பதான் பொறி தட்டுச்சு: எதிர் பில்டிங்ல போட்ட எல்இடி ஃபோகஸ் லைட் மத்த தொட்டி எல்லாத்து மேலயும் பகல் மாதிரி அடிக்குது, இந்த ஒண்ணு மட்டும் ரூம் மறைவுல இருட்டுல இருக்கு.

விஷயம் இதான். சாமந்தி ராத்திரி நீளத்தை வெச்சுதான் பூக்குற நேரத்தைத் தெரிஞ்சுக்குது. சென்னைல ஜூன்ல பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பர்ல பதினொன்றரைக்கும் கொஞ்சம் கம்மி, அந்த வித்தியாசமே அதுக்குப் போதும். ராத்திரி பூரா லைட் விழுந்தா இன்னும் கோடைதான்னு நினைச்சு இலையா தள்ளிட்டே இருக்கும். சாமந்தி விவசாயம் பண்றவங்க பூவைத் தள்ளிப்போட வேணும்னே வயல்ல ராத்திரி பல்பு போடுறாங்க, நான் காசில்லாம அதையேதான் பண்ணிட்டு இருந்திருக்கேன்!

செய்ய வேண்டியது: செப்டம்பர் கடைசிலேர்ந்து தொட்டியை, பகல்ல அஞ்சாறு மணி நேரம் வெயிலும் ராத்திரி முழு இருட்டும் கிடைக்கிற இடத்துக்கு மாத்துங்க. வழியே இல்லைன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு கருப்புத் துணியை ரெண்டா மடிச்சு மூடி, காலைல ஆறரைக்கு எடுங்க, மொட்டுல கலர் தெரியுற வரைக்கும் தினமும். நாலு குச்சி நட்டு அது மேல துணி போடுங்க, செடி மேல நேரா படக்கூடாது. அட்டைப்பெட்டி ட்ரை பண்ணேன், முதல் மழையிலயே கூழ்.

மொட்டு வந்ததும் கருப்பா அசுவினிப் பூச்சி அப்பும், தண்ணியைப் பீய்ச்சி அடிச்சா போகும், மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும். பூ விரிஞ்ச பிறகு தலையில மழை விழாம பாத்துக்கோங்க, இதழுக்குள்ள தண்ணி நின்னா பழுப்பாகிடும்.

அப்டேட்: கமெண்ட்ல ரெண்டு பேர், மூடின செடில இலை அழுகுதுன்னு எழுதியிருந்தாங்க. கேட்டா, மழையில நனைஞ்ச செடியை அப்படியே மூடியிருக்காங்க. உதறி, ஈரம் வடிஞ்ச பிறகு மூடுங்க, அரை மணி நேரம் லேட்டானா ஒண்ணும் ஆகாது.

இன்னொரு அப்டேட்: "நர்சரில வாங்கும்போது ஒரு அடிதான் இருந்துச்சு, இப்போ இடுப்பு உயரம் போகுது, வேற ரகமா?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. ரகம் அதேதான். தொட்டிச் சாமந்தியைக் குட்டையா நிறுத்த பெரும்பாலும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துற மருந்து அடிச்சுதான் விக்கிறாங்க, அது தீர்ந்ததும் செடி அதோட சொந்த உயரத்துக்குப் போயிடும். சும்மா ஒரு குச்சி வெச்சுக் கட்டுங்க. என்னோடது இந்த வருஷம் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போயிருச்சு, எதிர் வீட்டு அக்கா தினமும் ரெண்டு பூ கேட்டு வாங்கிட்டுப் போறாங்க, அந்த ஃபோகஸ் லைட்டும் அவங்க வீட்டுதுதான்.