விலை உயர்ந்த மடக்குக்கத்தி: பிடியிலும் கிரைண்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாயிரம், நாற்பதாயிரம் என்று கொடுத்து ஒரு மடக்குக்கத்தி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எஃகின் பெயரை. அப்புறம் பிடி டைட்டானியமா, கார்பன் ஃபைபரா என்று. அலகை எப்படிச் சாணை பிடித்து இறக்கியிருக்கிறார்கள் (இதைத்தான் கிரைண்ட் என்கிறார்கள்), கூர் விளிம்புக்கு நேர் மேலே எவ்வளவு தடிமன் விட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் வாங்கிய பிறகு வரும் ஏமாற்றத்தில் பெரும்பகுதி இந்தக் கேட்காத கேள்வியிலிருந்துதான் வருகிறது. கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதில் எஃகுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஒரு ஆப்பிளை வழுக்கிக்கொண்டு வெட்டுமா அல்லது பாதியில் பிளந்து நிறுத்துமா என்பதை முடிவு செய்வது வடிவம்தான்.

பிரான்சின் ஓபினெல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1890-லிருந்து செய்கிறார்கள், பீச் மரப்பிடி, அலகின் முதுகே இரண்டு மி.மீ.க்குக் குறைவு. விலை, நாம் பேசுகிற கத்திகளின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் பழம், ரொட்டி, சீஸ் என்று எதை வைத்தாலும் நான்கு மி.மீ. முதுகு கொண்ட பல டைட்டானியக் கத்திகளைவிட அது நன்றாக வெட்டும். தடித்த கத்தி மோசமான கத்தி என்று இதற்கு அர்த்தமில்லை. ஹிண்டரர் எக்ஸ்எம்-18 தடிமனாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: ரிக் ஹிண்டரர் ஒஹையோவில் தீயணைப்பு வேலை பார்த்தவர், முரட்டு வேலை தாங்க வேண்டும் என்றே அதை வடிவமைத்தார். அந்தக் கத்தியை வாங்கி அலுவலகத்தில் பார்சல் பிரிக்கவும் மதியம் பழம் நறுக்கவும் வைத்துக்கொண்டு ‘ஏன் இப்படி இழுக்கிறது’ என்று கேட்பதுதான் தவறு. அந்த வேலைக்கு அவர்களே ஸ்லைசர் வடிவ அலகும் தருகிறார்கள்.

சரி, முதுகுத் தடிமனைப் பார்த்தால் போதுமா? போதாது, பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்பைடர்கோ பாராமிலிட்டரி 2-இன் முதுகு மூன்றரை மி.மீ.க்கு மேல் இருக்கும், ஆனால் முதுகிலிருந்து கூர்வரை ஒரே சரிவாக இறங்கும் ஃபுல் ஃபிளாட் கிரைண்ட் என்பதால் நன்றாகவே வெட்டுகிறது. அதே முதுகில், சரிவு அலகின் பாதி உயரத்தில்தான் தொடங்கினால் அது சேபர் கிரைண்ட். உறுதி கூடும், ஆழமாக வெட்டும்போது தோள்பட்டை போல நிற்கும் அந்த இடம் இடிக்கும். ஆக, பார்க்க வேண்டிய எண் முதுகில் இல்லை, கூர் ஓரத்தில் தீட்டிய சிறு பட்டை, அதாவது கூர்ப்பட்டை, தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே தடிமன் கால் மி.மீ. அளவில் இருந்தால் பிரமாதமாக வெட்டும், கொஞ்சம் பொறுப்பாகக் கையாள வேண்டும். அரை மி.மீ. நடுத்தரம். முக்கால் மி.மீ.யைத் தாண்டினால், எந்த எஃகாக இருந்தாலும், அட்டைப்பெட்டியில் உங்கள் மணிக்கட்டுதான் பாடுபடும்.

இந்த எண்ணைக் கம்பெனிகள் பெரும்பாலும் போடுவதில்லை. ஆனால் படத்தைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். கூர் ஓரத்தில் பளபளவென்று தெரிகிற அந்தச் சிறு பட்டையின் அகலத்தைக் கவனியுங்கள். பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துத் தீட்டிய கத்தியில், விளிம்புக்கு மேல் தடிமன் கால் மி.மீ. என்றால் பட்டை மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். தடிமன் முக்கால் மி.மீ. என்றால் பட்டை முழு ஒரு மி.மீ.யாக அகலும். கோணம் மாறினால் கணக்கும் மாறும்தான், இருந்தாலும் புதுக் கத்தியில் பட்டை பட்டையாகக் கூர்ப்பகுதி மின்னினால் அதை அழகு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே தடிமன் இருக்கிறது என்று படியுங்கள். கடையில் நேரில் வாங்கினால் ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு போவதில் தப்பே இல்லை.

ஹாலோ கிரைண்ட் பற்றி இரண்டு நேர்மாறான தப்பெண்ணங்கள் உலவுகின்றன. உருளும் சக்கரத்தில் வைத்துக் குழிவாகக் கடைந்து எடுப்பதுதான் ஹாலோ. ‘அது சவரக்கத்திக்குத்தான், உடைந்துவிடும்’ என்பார்கள் ஒரு பக்கம். ‘அதைவிடக் கூர்மையானது கிடையாது’ என்பார்கள் இன்னொரு பக்கம். க்ரிஸ் ரீவின் செபென்சா பல பத்தாண்டுகளாக ஹாலோவில்தான் வருகிறது, தினமும் பயன்படுத்துகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், உடைந்து குவியவில்லை. தோல், கயிறு, காகிதம், மீனின் வயிறு, இப்படி மேலோட்டமாக வெட்டுவதில் ஹாலோ அருமை. பெரிய கேரட்டையோ தடித்த அட்டையையோ ஆழமாக அறுக்கும்போதுதான் குழிவு முடிந்து தடிக்கிற இடம் ஆப்பு மாதிரி சிக்கும். உயரமாகக் கடைந்த ஹாலோவில் இந்தத் தொல்லை குறையும், தாழ்வாகக் கடைந்ததில் கூடும். ‘ஹாலோ’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து வாங்காமல் குழிவு எந்த உயரம்வரை போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. வருடக்கணக்கில் தீட்டத் தீட்ட அலகின் உயரம் குறையும், கூர் விளிம்பு தடித்த பகுதியை நோக்கி மேலேறும். முப்பது மி.மீ. உயரமும் மூன்றரை மி.மீ. முதுகும் உள்ள ஃபுல் ஃபிளாட் அலகில் இரண்டு மி.மீ. தேய்ந்தால் விளிம்புத் தடிமன் ஏறக்குறைய 0.2 மி.மீ. கூடும். ஹாலோவில் ஆரம்பத்தில் இவ்வளவு கூடாது, நெடுங்காலம் மெலிதாகவே இருந்து பிறகு வேகமாகத் தடிக்கும். ஐந்து வருடம் பயன்படுத்திவிட்டு ‘முன்பு போல வெட்டவில்லை, எஃகு சரியில்லை’ என்பவர்களுக்கு வேண்டியது வேறு எஃகு அல்ல, அலகை மீண்டும் மெலிதாக்கும் சாணை. கோணத்துக்கும் இதே கதைதான். 2021-இல் மேக்னாகட் எஃகைக் கொண்டுவந்த உலோகவியலாளர் லாரின் தாமஸ், கூர்க்கோணத்தைக் குறைத்தால் வெட்டும் ஆயுள் பெரிதாகக் கூடுவதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். புது எஃகு தேடும் முன் கையில் இருப்பதை 20 டிகிரியிலிருந்து 15-க்கு இறக்கிப் பாருங்கள், செலவு ஒன்றும் இல்லை. அதன்பிறகு அதை வைத்து டப்பா மூடியை நெம்பாமல் இருந்தால் சரி.

மற்ற கிரைண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கங்கள் வெளிப்புறமாகப் புடைத்த கான்வெக்ஸ் அலகை, கோணம் பூட்டிய தீட்டும் கருவியில் வைத்தால் அதன் புடைப்பு போய்ச் சாதாரண வி-வடிவமாகிவிடும், மெத்தென்ற பரப்பில் மென்மையான எமரித்தாள் வைத்துப் பின்னோக்கி இழுங்கள். ஸ்காண்டியில் இரண்டாவது கூர்ப்பட்டை கிடையாது, முழுச் சரிவையும் கல்லில் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். மரம் சீவ அதற்கு நிகரில்லை. ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள சீசல் கிரைண்ட் வெட்டும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், எமர்சன் சிக்யூசி-7 மாதிரி கத்தியை நேர்கோட்டில் பழம் நறுக்க வாங்காதீர்கள்.

இனி பிடி. இங்கே அடிப்படைத் தவறு, பொருள்களை ஏணிப்படி போல வரிசைப்படுத்துவது: கீழே ஜி-10, மேலே மைகார்ட்டா, அதற்கும் மேலே கார்பன் ஃபைபர், உச்சியில் டைட்டானியம். விலை அப்படி ஏறலாம், பயன் அப்படி ஏறுவதில்லை. ஜி-10 என்பது கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் அழுத்தியது, ஈரத்தில் ஊறாது, சுருங்காது, பிடிமானம் பிரமாதம். அதே கத்தியின் கார்பன் ஃபைபர் பதிப்புக்கு எடை குறையும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். ஜி-10-இன் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.85 கிராம், கார்பன் ஃபைபர் சுமார் 1.6. இரண்டு பக்கப் பிடித்தகடும் சேர்ந்தே பெரும்பாலும் 20 கன செ.மீ.க்குள்தான் இருக்கும், மிச்சமாவது ஐந்து கிராம். பிடித்தகட்டுக்கு உள்ளே இருக்கிற லைனர் என்ற எஃகுத் தகடுதான் எடையே, அதைத் துளையிட்டு லேசாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நெசவு பிடித்திருந்தால் அழகுக்காகத் தாராளமாக வாங்குங்கள், ஆனால் மழுமழுவென்று மெருகேற்றிய கார்பன் ஃபைபர் ஈரக் கையில் வழுக்கும்.

டைட்டானியம் எனக்கு மிகவும் பிடித்த பொருள், அதனாலேயே அதைப் பற்றிய தவறுகள் என்னை உறுத்தும். அது எஃகைவிட லேசு, அலுமினியத்தைவிடக் கனம், கார்பன் ஃபைபரைப் போலச் சுமார் மூன்று மடங்கு அடர்த்தி. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் குளிரில் அலுமினியம் அளவுக்குக் கையைச் சில்லிட வைக்காது. ஆனால் அலகின் எஃகைவிட மென்மையானது. அதனால்தான், பிடித்தகட்டின் ஒரு பகுதியே வளைந்து வந்து அலகைப் பூட்டும் ஃபிரேம் லாக்கில், பூட்டும் பகுதி அலகின் அடியில் ஒட்டிக்கொண்டு, மூடும்போது விடுபட அடம்பிடிக்கும். கார்பைடு பூச்சோ எஃகுத் துண்டோ பதித்த லாக் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. திறக்கும்போது லாக் பட்டையின் மேலேயே விரலை அழுத்திக்கொண்டு ‘இவ்வளவு இறுக்கமா’ என்று குறை சொல்பவர்கள் ஏராளம், விரலை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள், வேறு கத்தி போலத் தோன்றும். மூடும்போது அந்தப் பட்டையை வெளிப்பக்கம் அளவுக்கு மீறித் தள்ளாதீர்கள், வளைந்தால் பூட்டின் விசை தளரும்.

டைட்டானியத்தின் நீலம், ஊதா, பொன்னிறம் எல்லாம் சாயமல்ல. மின்சாரம் பாய்ச்சி மேலே வளர்க்கும் ஆக்சைடு படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும் விதம்தான் நிறமாகத் தெரிகிறது. கையின் எண்ணெய் படிந்தாலே நிறம் மங்கலாகத் தெரியும், கொஞ்சம் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் திரும்பிவிடும். இது தெரியாமல் உலோக பாலிஷ் போட்டுத் தேய்த்தால் படலமே போய்விடும்.

மைகார்ட்டா கறுப்பதைப் பார்த்து அழுக்கு என்று சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். துணியை ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்வது அது, உங்கள் கை எண்ணெயைக் குடித்து நிறம் ஆழமாவதுதான் அதன் இயல்பு, விட்டுவிடுங்கள். மரப்பிடியை மட்டும் நீரில் ஊறவிடாதீர்கள், ஓபினெலில் மரம் உப்பி அலகையே வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாமத் தந்தம் போன்றவை வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் விரிசல் விடும். ஜி-10 சொரசொரப்பு பேன்ட் பையைக் கிழிக்கிறது என்று கிளிப்புக்கு அடியில் எமரித்தாள் போட நினைத்தால் தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டுத் தேய்க்கவும். கண்ணாடி இழைத் தூசியும் கார்பன் தூசியும் நுரையீரலுக்குள் போகக் கூடாதவை.

தீட்டுவதற்கு இந்தக் கத்தியைத் தெருச் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் கைத்திறனில் குறையில்லை, அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அந்த உலர் சக்கரம் போதும். இங்கே விளிம்பு மிக மெலிது, நொடியில் சூடேறிக் கெட்டித்தன்மை போய்விடும். எஸ்30வி, மேக்னாகட் போன்ற எஃகுகளில் உள்ள வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினம் என்பதால் கல்லும் சரியாகப் பிடிக்காது. 400, 1000 என்ற சொரசொரப்பு எண்களில் இரண்டு வைரத்தகடும் ஒரு தோல்பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், கூர்ப்பட்டையில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, கறுப்பு முழு அகலத்துக்கும் சீராக அழிகிறதா என்று பார்த்துக்கொண்டே தேயுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அலகைச் சற்று நிமிர்த்துங்கள், கூர் நுனியில் மட்டும் அழிந்தால் சற்றுப் படுக்க வையுங்கள்.